எரித்த தாளைத் தேடி பாரிட் புந்தாருக்கு

இந்தப் பக்கத்தில் வழக்கமாகக் குகைக்கோயில், அருவி, நல்ல மீ கோரேங் கடை என்றுதான் எழுதுவேன். இந்த முறை பாதை மாறியதற்கு ஒரு வாசகர்தான் காரணம். அவருடைய மனைவிக்குப் பெருங்குடலை எடுத்துவிட்டு வயிற்றில் பை மாட்டியிருக்கிறார்கள். "பை மாட்டின ஆளை பஸ்ஸுலயும் ரயில்லயும் கூட்டிக்கிட்டுப் போலாமா அண்ணே? பைக்குப் பதிலா வேற ஆப்பரேஷன் இருக்குன்னு சொல்றாங்களே, மெய்யா?" என்று கேட்டிருந்தார். இரண்டுக்கும் என் பதில், ஆமாம். எனக்கு எப்படித் தெரியும் என்றால், 1985-இல் பீடோர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து ஈப்போ வழியாகப் பாரிட் புந்தார் வரை என் மகளோடு ஒரு பயணம் போனேன். நான் போன பயணங்களிலேயே சுற்றிப்பார்க்க ஒன்றுமில்லாத பயணம் அது. மறக்க முடியாததும் அதுதான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. ஆறாம் வகுப்போடு நின்று, ரப்பர் மரத்தில் பால் வெட்டி, பிறகு மண்டோராகி, ஆட்களை மேய்த்து ஓய்வு பெற்றவன். இதைத் தட்டச்சு செய்து தருபவள் அதே மகள் பவானி. அதனால் பொய் சொல்ல வழியில்லை. ஒரு காலத்தில் சொன்னேன். அதைத்தான் எழுதப் போகிறேன்.

1979 ஜனவரியில் பவானிக்குப் பதினாறு வயது. மாதக்கணக்கில் இரத்தமும் சளியுமாக வயிற்றுப்போக்கு. தோட்டத்து ஆஸ்பத்திரியில் சீதபேதி என்று மருந்து கொடுத்தார்கள். நானும் வீட்டில் மாதுளம்பழத் தோலை அவித்துக் கொடுத்தேன். ஒரு நாள் மத்தியானம் வயிறு உப்பி, காய்ச்சலில் வாய் குழறி விழுந்தாள். தோட்டத்து லாரியில் பாய் விரித்து ஈப்போவுக்குக் கொண்டு போனோம். பெருங்குடல் முழுக்கப் புண், எந்த நேரமும் கிழிந்துவிடும் என்றார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு உள்ளே கொண்டு போனார்கள். வெளியே எங்கேயோ பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. என் பிள்ளை சாகக் கிடக்கிறாள், ஊருக்கு வெடி கேட்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

பிழைத்துக்கொண்டாள். பெருங்குடலை எடுத்துவிட்டு, சிறுகுடலின் நுனியை வயிற்றின் வலப்பக்கம் வெளியே கொண்டுவந்து, அதன்மேல் பை ஒட்டியிருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பும் அன்று என் கையில் ஒரு தாளைக் கொடுத்து, "இது முக்கியம், பத்திரம்" என்றார்கள். என்ன வெட்டினோம், எதை விட்டோம், வெட்டியதைப் பரிசோதித்ததில் என்ன நோய் என்று தெரிந்தது, எல்லாம் அதில் ஆங்கிலத்தில் இருந்தது.

இரண்டு மாதம் கழித்துக் கீழ்வழியாகக் கொஞ்சம் இரத்தம் வந்தது. திரும்பவும் கொண்டு போனால், "கீழே மலக்குடலில் கொஞ்சம் விட்டுத்தான் வைத்திருக்கிறோம். அதிலிருந்து வருகிறது. பயப்பட வேண்டாம்" என்றார்கள். எனக்கு வந்ததே கோபம்! நோயில் பாதியை உள்ளேயே விட்டுவிட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறான் அந்த டாக்டர் என்று முடிவு கட்டினேன். அன்று சாயங்காலம் ரப்பர் ஷீட்டுகளைக் காயவைக்கும் புகைக்கூடத்தின் முன்னால் பத்துப் பேர் பார்க்க அந்தத் தாளை அடுப்பில் போட்டேன். சின்னதாக ஒரு சொற்பொழிவும் ஆற்றினேன். வீட்டில் மட்டும் மூச்சு விடவில்லை. அன்று முதல் அவருக்கு நான் வைத்த பெயர் "அரைகுறை டாக்டர்". ஆறு வருடம் சாப்பாட்டுக் கடையில், கோயிலில், சாவு வீட்டில், எங்கே போனாலும் அந்தப் பெயரைப் பரப்பினேன். சம்பளமில்லாமல் செய்த வேலை.

1985-இல் பவானி தோட்டத்துப் பாலர் பள்ளியில் ஆசிரியையாக இருந்தாள். பையோடுதான் வேலைக்குப் போனாள், வந்தாள். அதில் குறையில்லை. காம்பாரில் எங்களுக்குத் தெரிந்த லாரி ஓட்டுநர் ஒருவர் அதே மாதிரிப் பையோடு ஊர் ஊராகச் சரக்கு ஏற்றிப் போய்க்கொண்டிருந்தார். ஆனால் பவானியின் தோலுக்கு அந்தக் காலத்துப் பசை ஒத்துக்கொள்ளவில்லை. பையைச் சுற்றித் தோல் வெந்து, உரிந்து, இரத்தம் கசியும். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து எழுந்தால் பை கழன்றுகொள்ளும். அவள் அம்மா பழைய ரவிக்கைத் துணியில் பைக்கு உறை தைத்துக் கொடுப்பாள். கலர் கலராய்ப் பதினொரு உறை இருந்தது. உறை தைக்கலாம், தோல் தைக்க முடியுமா?

கோலாலம்பூரில் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஒரு சர்ஜன் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். இளவயதுத் தமிழர். எக்ஸ்ரே உறையின் பின்பக்கம் படம் போட்டு விளக்கினார்.

வழி ஒன்று, பையோடே இருப்பது. தோலுக்கு வேறு மருந்து, வேறு பசை பார்ப்பது. வழி இரண்டு, சிறுகுடலை மடித்துத் தைத்து வயிற்றுக்குள்ளேயே ஒரு பை செய்வது. வெளியே சின்னத் துவாரம் மட்டும் இருக்கும். உள்ளே ஒரு மடிப்பு, கசியாமல் அடைத்துக்கொள்ளும். நாளுக்கு நாலைந்து முறை ரப்பர்க் குழாயை விட்டுக் காலி செய்ய வேண்டும். சிலருக்கு அந்த மடிப்பு நழுவி, மறுபடி வெட்ட வேண்டி வரும். வழி மூன்று, சிறுகுடலின் நுனியை ஆங்கில 'ஜே' எழுத்துப் போல் மடித்துப் பையாகத் தைத்து, கீழே கொண்டுபோய் ஆசனவாயோடு இணைப்பது. எல்லாரையும் போல இயற்கை வழியில் போகலாம். ஆனால் இரண்டு ஆப்பரேஷன். நடுவில் மூன்று மாதம் மறுபடியும் வெளிப்பை. அதன் பிறகும் நாளுக்கு ஐந்தாறு தடவை போக வேண்டியிருக்கும்.

எனக்குப் புரிந்துவிட்டது என்று காட்டிக்கொள்ள ஆசை. "அதாவது டாக்டர், இப்ப பால் பிடிக்கிற மங்கு மரத்துக்கு வெளியே தொங்குது. நீங்க மங்கை மரத்துக்குள்ளயே வெக்கப் போறீங்க. அப்படித்தானே?" என்றேன். அவர் பட்டணத்தில் வளர்ந்தவர், ரப்பர் பால் வடியும் கிண்ணத்தைத்தான் மங்கு என்கிறோம் என்று தெரியாமல் என்னவென்று கேட்டார். பவானி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "மூணாவது வழிதான் எனக்கு வேணும், டாக்டர்" என்றாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "முதல் ஆப்பரேஷன் பேப்பர் வேணும்மா. குடல் புண் ரெண்டு வகை இருக்கு. ஒரு வகை பெருங்குடலோட நின்னுடும். இன்னொன்னு சிறுகுடலையும் பிடிக்கும். அந்த ரெண்டாவது வகையா இருந்தா நான் தைக்கிற பையும் புண்ணாயிடும், கடைசியில உள்ளதும் போயிடும். அன்னைக்கு வெட்டி எடுத்த குடலைப் பார்த்தவங்க என்ன எழுதினாங்கன்னு தெரியாம நான் கத்தியைத் தொட மாட்டேன். கீழே எவ்வளவு விட்டாங்க, தசைல கை வெச்சாங்களான்னும் தெரியணும்."

பவானி என்னைப் பார்த்தாள். புகைக்கூடத்து அடுப்பு என் கண்ணுக்கு முன்னால் எரிந்தது.

"அவங்க ஒன்னுமே குடுக்கலயே டாக்டர்" என்றேன்.

இதுதான் அந்தப் பொய்.

இனி பயணம். ஆகஸ்ட் மாதம், வியாழக்கிழமை. காலை 6.40-க்குத் தோட்டத்து வாசலில் பஸ், பீடோருக்குப் பத்து கிலோமீட்டர். பீடோரிலிருந்து 7.15-க்கு ஈப்போ பஸ். தாப்பா, காம்பார், கோப்பேங் வழியாக அறுபத்து மூன்று கிலோமீட்டர். கட்டணம் ஆளுக்கு இரண்டு வெள்ளி நாற்பது காசு. பை மாட்டியவரோடு போகிறவர்களுக்கு: ஜன்னல் ஓரம் அவருக்கு, நடைபாதை ஓரம் உங்களுக்கு. கடைசி வரிசை வேண்டாம், குலுக்கலில் பை பிடி தளரும். காலையில் சோறு கொஞ்சமாக. நாங்கள் ஒரு பிஸ்கட் டின்னில் மாற்றுப் பை இரண்டு, கத்தரிக்கோல், பஞ்சு, பழைய நாளிதழ், தண்ணீர் எல்லாம் கொண்டு போனோம். காம்பார் பஸ் நிலையத்தில் பத்து நிமிடம் நிற்பார்கள். அங்கே கழிவறைக்குப் பத்துக் காசு. அவள் பையைக் காலி செய்துவிட்டு வரும்வரை நான் பஸ் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக, டிரைவர் கிளம்பிவிடாமல் பார்த்துக்கொண்டேன்.

பையிலிருந்து சில சமயம் சத்தம் வரும். அடக்க வழியில்லை. அன்று கோப்பேங் தாண்டியதும் வந்தது. நான் உடனே பெரிதாக இருமினேன். மறுபடி வந்தது, மறுபடி இருமினேன்.

"அப்பா," பவானி காதோரம் சொன்னாள், "என் சத்தம் யாருக்கும் கேக்கல. நீங்க இருமுறதுக்குத்தான் எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க. முன்னாடி உட்காந்திருக்கிற அக்கா மூக்கை மூடிக்கிட்டாங்க, உங்களுக்குக் காசநோய்னு நெனச்சு."

9.05-க்கு ஈப்போ. ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனோம், இருபது நிமிடம். நடக்க நடக்க என் கால் பின்னுக்கு இழுத்தது. பழைய தாள் ஆஸ்பத்திரியில் எங்கேயாவது ஒரு மூலையில் இருக்கும், அதை வாங்கிவிட்டால் அடுப்புக் கதை வெளியே வராது என்பதுதான் என் திட்டம். திட்டத்தின் முழு ஆழமும் அவ்வளவுதான்.

பதிவுப் பிரிவில் ஒரு தமிழ் அக்கா, மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டியிருந்தார். ஆண்டைக் கேட்டதும் இல்லை என்று தலையாட்டினார். "எழுபத்தொம்பதா? அவ்வளோ பழைய ஃபைலெல்லாம் வெக்கிறதில்ல அண்ணே. அதுக்குத்தானே டிஸ்சார்ஜ் அன்னைக்கே கையில ஒரு காப்பி குடுப்போம்."

"எங்களுக்குக் குடுக்கலியே அக்கா" என்றாள் பவானி.

"குடுக்காம இருக்க மாட்டாங்களே, இருங்க பாக்குறேன்" என்று உள்ளே போனவர் பெரிய பதிவேடு ஒன்றோடு வந்தார். விரலை ஓட்டி நிறுத்தினார். "இந்தா, பவானி. 'கடிதம் ஒப்படைக்கப்பட்டது.' பக்கத்துல கையெழுத்து. யாரோடது இது?"

படித்தது ஆறாம் வகுப்பு என்றாலும் கையெழுத்து மட்டும் மாஜிஸ்திரேட் போடுவது போல இருக்கும் எனக்கு. முதல் எழுத்து கொடி போல் சுழன்று, கடைசியில் அடியில் இரண்டு கோடு, இரண்டு புள்ளி. இந்த நாட்டில் வேறு யாரும் அப்படிப் போட முடியாது. நானே அதில் பெருமைப்பட்டவன்.

பவானி அந்தக் கையெழுத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அந்தத் தாள் எங்கப்பா?"

"எரிச்சிட்டேம்மா."

அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். பதிவேட்டை மெதுவாக மூடி அக்கா பக்கம் தள்ளினாள். அந்த அக்காதான் பேச்சை எடுத்தார். "ஆப்பரேஷன் பண்ணினது எந்த டாக்டர்? கண்ணாடி போட்ட சீன டாக்டரா? அவர் ரிட்டையராகி மூணு வருஷம் ஆச்சு. பாரிட் புந்தார்ல இருக்காரு. அவரு ஒவ்வொரு ஆப்பரேஷனையும் சொந்த நோட்டுல எழுதுவாரும்மா, படம் கூடப் போடுவாரு. போய்ப் பாருங்க. இன்னைக்கே போங்க." துண்டுச் சீட்டில் முகவரி எழுதி என்னிடம் நீட்டினார். நடுவில் கை போட்டு அதைப் பவானி வாங்கிக்கொண்டாள்.

ஈப்போ ரயில் நிலையத்திலிருந்து 12.10-க்கு வடக்கே போகும் வண்டி. பாரிட் புந்தார் 120 கிலோமீட்டர், மூன்றாம் வகுப்பில் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. வாசகர்கள் குறித்துக்கொள்ளுங்கள்: இப்போது மின்சார ரயில் ஒன்றேகால் மணி நேரத்தில் கொண்டு போய்விடுகிறது, உள்ளேயே சுத்தமான கழிவறை. அன்று கழிவறையில் குந்தினால் கீழே தண்டவாளம் ஓடுவது தெரியும். ஆனால் பையைக் காலி செய்ய அதைவிட வசதியான இடம் இல்லை என்பாள் பவானி. அன்று அதைக்கூடச் சொல்லவில்லை. நான் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்கி நீட்டினேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், பிரிக்கவில்லை.

கோலகங்சாருக்கு அப்பால் மலை வரும். அந்தக் காலத்தில் அங்கே சின்னச் சின்னச் சுரங்கங்கள் இருந்தன. முதல் சுரங்கத்தில் வண்டி நுழைந்ததும் இருட்டில் அவள் குரல் கேட்டது.

"எரிச்சது கூடப் பரவால்லப்பா. ஏன் டாக்டர்கிட்ட பொய் சொன்னீங்க?"

வெளிச்சம் வந்துவிட்டது. முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அடுத்த சுரங்கம் வரும்வரை காத்திருந்தேன்.

"நீ என்னைக் கேவலமா நெனப்பேன்னு பயம்மா."

மறுபடி வெளிச்சம். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். தைப்பிங் வருவதற்குள் பொட்டலத்தைப் பிரித்து, பாதியை என் பக்கம் தள்ளினாள். மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். இல்லையாம், காரம் அதிகமாக இருந்ததாம். இப்போது தட்டச்சு செய்துகொண்டே சொல்கிறாள்.

பாரிட் புந்தாரில் இறங்கியபோது மணி 3.25. நிலையத்துக்கு வெளியே ஒரு தமிழ் டாக்சிக்காரர். டாக்டர் வீட்டுக்கு மூன்று கிலோமீட்டர், இரண்டு வெள்ளி.

"ஆர்க்கிட் பூ வளப்பாரே, அந்த டாக்டர் வீடா? தெரியும்லா, ஏறுங்க." வயல்களுக்கு நடுவே வண்டி போனது. கண்ணாடியில் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார், "என்னா அண்ணே, தங்கச்சி கோவமா இருக்கு? மாப்பிள்ளை பாத்துட்டு வாரீங்களா?"

"இல்லலா. கோவம் என் மேலதான்."

"அப்ப சரி. அப்பன் மேல கோவம் சோறு ஆறுறதுக்குள்ள ஆறிடும்." பவானி, "ஆறாது அண்ணே" என்றாள். காலையிலிருந்து அவள் பேசிய பேச்சில் அதுதான் கொஞ்சம் சிரிப்போடு இருந்தது.

மரவீடு. வாசல் முழுக்கத் தேங்காய் மட்டையில் கட்டித் தொங்கவிட்ட ஆர்க்கிட். கையில் தண்ணீர்க் குவளையோடு நின்றிருந்த கிழவரை உடனே அடையாளம் தெரிந்தது. தமிழ் முகங்களைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்தே தமிழில் கேட்டார்:

"என்ன, வெளிக்கி போச்சா?"

நான் அசந்துபோனேன். பிறகுதான் விளங்கியது. முப்பது வருடம் தோட்டத்து ஜனங்களுக்கு வயிறு பார்த்தவர். அவருக்குத் தெரிந்த தமிழ் மொத்தமும் வார்டில் கற்றது. "எங்கே வலி", "மூச்சு இழு", "சாப்பாடு வேணாம்", "வெளிக்கி போச்சா". அதில் எது வணக்கம் என்று அவருக்குத் தெரியாது. எல்லாவற்றையும் வணக்கமாகத்தான் வைத்திருந்தார்.

உள்ளே உட்கார்ந்து பவானி ஆங்கிலத்தில் விவரம் சொன்னாள். எனக்கு அவரோடு மலாய்தான். அவர் அலமாரியைத் திறந்தார். கறுப்பு அட்டை நோட்டுகள் முப்பதுக்கு மேல் இருக்கும். 1979 என்று எழுதியதே மூன்று இருந்தன. பெயர் வரிசை கிடையாது, தேதி வரிசைதான். "என்ன தேதி?" என்றார். எனக்குத் தேதி நினைவில்லை. தந்தை என்ற பதவிக்கு நான் செய்த இன்னொரு மரியாதை. ஜனவரி என்று மட்டும் தெரியும். அவர் ஜனவரி நோட்டைப் புரட்டினார். பவானி என்ற பெயரில் ஒன்றும் அகப்படவில்லை. மறுபடியும் புரட்டினார். பவானி புடவைத் தலைப்பைப் பையின் மேல் இழுத்துவிட்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பட்டாசுச் சத்தம் கேட்டுச்சு டாக்டர்" என்றேன். "சாயங்காலம். ஒரே பட்டாசு."

பார்லி தண்ணீர் கொண்டுவந்த டாக்டரின் மனைவி தட்டோடு நின்றுவிட்டார். கணவரிடம் கான்டனீஸில் ஏதோ சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி மலாயில் சொன்னார்: "அது எங்கள் சீனப் புத்தாண்டுப் பெருநாளுக்கு முந்தின நாள். குடும்பம் மொத்தமும் கூடிச் சாப்பிடும் சாப்பாடு. பினாங்கிலிருந்து பிள்ளைகள் வந்திருந்தார்கள். இவர் சாப்பிட உட்கார்ந்ததும் போன் வந்தது. தோட்டத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை என்றார்கள். எழுந்து போய்விட்டார். மீனைத் தொடக்கூட இல்லை."

டாக்டர் அந்த நாளுக்கான பக்கத்துக்குப் போனார். அங்கே இருந்தது. பவானி என்பதை 'பாவணி' என்கிற மாதிரி எழுதியிருந்தார். வயது பதினாறு. பக்கத்தில் பென்சிலில் படம். வெட்டியது கோடு கோடாக, விட்டது வெள்ளையாக. பவானி குனிந்து தன் வயிற்றைத் தானே பார்த்தாள்.

டாக்டர் விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். மலக்குடலை விட்டிருக்கிறேன். கீழ்த் தசையில் கை வைக்கவில்லை. அடியில் வேறு மையில் பரிசோதனை முடிவு: பெருங்குடலோடு நிற்கும் வகை. சிறுகுடல் சுத்தம்.

"அப்படின்னா?" என்றேன்.

"அப்படின்னா பண்ணலாம்பா" என்றாள் பவானி.

ஏன் விட்டீர்கள் என்று அவள் கேட்டாள். அவர் சொன்னதை எனக்கு மொழிபெயர்த்தாள். அன்றிருந்த நிலையில் எல்லாவற்றையும் எடுத்தால் இவள் மேசையிலேயே போயிருப்பாள். அது ஒரு காரணம். இன்னொன்று, வெளிநாட்டில் உள்ளேயே பை தைக்கும் வழிகளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று படித்திருந்தார். தனக்கு அது தெரியாது. ஆனால் இவளுக்குப் பதினாறு வயதுதான். பின்னால் யாராவது தெரிந்தவர் வரலாம். வருகிறவருக்கு இடம் வேண்டுமே.

நான் பார்லி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பவானி விடவில்லை. "அப்பா, தெனமும் காலையில மரத்து நெரையில நின்னு என்னா கத்துவீங்க?"

என் தொழிலே அதுதான். பால் வெட்டும்போது கத்தி கட்டையைத் தொடக் கூடாது. நூல் கனத்துக்குப் பட்டையை விட்டுவைக்க வேண்டும். அந்த மிச்சத்திலிருந்துதான் புதுப்பட்டை வளரும், ஆறேழு வருடத்தில் அதே இடத்தில் மறுபடி வெட்டலாம். ஒட்ட வெட்டினவனை நான் ஏசாத ஏச்சில்லை. "எவன்டா மரத்துக்குக் காயம் போட்டவன்? நாளைக்கு வாரவன் எங்கடா வெட்டுவான்?" என்று தோட்டமே அதிரக் கத்துவேன். தினம் நூறு மரத்தில் அதைப் பார்த்தவனுக்குச் சொந்தப் பிள்ளையிடம் தெரியவில்லை.

"சொல்லும்மா," என்றேன், "டாக்டர்கிட்ட நான் வெச்ச பேரைச் சொல்லு. தாளை எரிச்சதையும் சொல்லு."

சொன்னாள். ரசித்து, கை காலெல்லாம் ஆட்டிச் சொன்னாள். நான் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்த புகைக்கூடச் சொற்பொழிவைக்கூட விடவில்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு என்னிடம் மலாயில், "பெயர் சரிதான்லா. நான் பாதிதான் செய்தேன். மீதியை அந்தக் கோலாலம்பூர்க்காரனை ஒழுங்காகச் செய்யச் சொல்" என்றார். அந்தப் பக்கத்தைப் பார்த்து இரண்டு பக்கக் கடிதம் எழுதி, படத்தையும் வரைந்து, கையெழுத்துப் போட்டு நீட்டினார். நான் கையை நீட்டினேன்.

"நீங்க தொடாதீங்கப்பா" என்று பவானி அதை வாங்கி பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடினாள்.

5.15-க்குப் பங்கு டாக்சி, ஈப்போ வரை ஆளுக்கு ஏழு வெள்ளி. புந்தோங்கில் மைத்துனர் வீட்டில் தங்கி மறுநாள் காலை தோட்டம் வந்து சேர்ந்தோம். வாசலில் நின்ற அவள் அம்மாவிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பதிலை எழுத வேண்டாம் என்று தட்டச்சு செய்பவளின் உத்தரவு.

நவம்பரில் முதல் ஆப்பரேஷன். மிச்சமிருந்த மலக்குடலின் உட்தோலை எடுத்து, 'ஜே' பையைத் தைத்து இணைத்தார்கள். தையல் ஆற மூன்று மாதம் மறுபடி வெளிப்பை. அந்த மூன்று மாதம்தான் கஷ்டம். தீபாவளிக்கு முறுக்கு சுடாத வீடு எங்களுடையது ஒன்றுதான். பிப்ரவரியில் வயிற்றுத் துவாரத்தை மூடினார்கள். ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு அவள் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வெளியே நானும் அவள் அம்மாவும் கல்யாண வீட்டு வாசலில் நிற்பது போலக் கைகட்டி நின்றோம். தண்ணீர் இழுக்கும் சத்தம் கேட்டது. அவள் அம்மா அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதாள். நான் இருமினேன்.

கேட்டவருக்காகச் சில வார்த்தை. மூன்றாவது வழி மாயமந்திரம் இல்லை. முதலில் நாளுக்குப் பத்துத் தடவை ஓடினாள், ஒரு வருடத்தில் ஐந்தாறாகக் குறைந்தது. உள்பை எப்போதாவது புண்ணாகும், மருந்து சாப்பிடுவாள். பையோடே இருப்பதும் ஒரு நல்ல வழிதான். காம்பார் லாரிக்காரர் கடைசிவரை அப்படியே ஓட்டினார், இதைப் பற்றிச் சொன்னபோது "எனக்கு இது பழகிப்போச்சு, வேற வேலையைப் பாருலா" என்றார். உங்கள் மனைவிக்கு எது ஒத்துவரும் என்பதை அவரும் டாக்டரும் முடிவு செய்யட்டும், நீங்கள் முடிவு செய்யாதீர்கள். இன்னொன்று, ஆப்பரேஷன் தாளை நாலு பிரதி எடுத்து நாலு இடத்தில் வையுங்கள். கோபம் வந்தால் முதலில் தாளைக் கீழே வைத்துவிட்டுக் கோபப்படுங்கள். விளங்காததை, செய்தவரிடமே போய்க் கேளுங்கள். எனக்கு ஈப்போ எழுபத்து மூன்று கிலோமீட்டர்தான், போய்க் கேட்க ஆறு வருடம் ஆனது.

வேலை முடிந்ததும் திரும்பிப் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். இதுதான் முக்கியம். 1986 ஏப்ரலில் நாங்கள் போனோம். அதே 12.10 வண்டி, அதே சுரங்கங்கள். பவானி வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். டாக்டரின் மனைவிக்கு என்று பீடோர் சந்தையில் பெரிய மீன் ஒன்று வாங்கி, பனிக்கட்டியில் வைத்துக் கட்டியிருந்தேன். அன்று டாக்டர் தொடாமல் விட்ட மீனுக்குப் பதிலாக. ரயில் முழுக்க மீன் வாடை, பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. இந்த முறை சங்கடப்பட வைத்தது என் பொட்டலம்தான்.

கிழவர் ஆர்க்கிட்டுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் குவளையை உயர்த்தி, வழக்கமான வணக்கத்தை வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்தே வைத்தார்:

"என்ன, வெளிக்கி போச்சா?"

பவானி கதவைத் திறக்கக்கூடக் காத்திருக்கவில்லை. தெருவில் போகிற வருகிற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, பாலர் பள்ளிக் குரலில் கத்தினாள்:

"போச்சு டாக்டர்!"